அரை நூல் மேடு

அவர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னது, “தம்பி, வாயை மூடுங்க” என்பது. நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டு முடித்திருந்தேன், அவ்வளவுதான். மூடினேன். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார்.

“மேல்பல்லு ஒரு நூல் முன்னாடி நிக்கிது. கீழ்ப்பல்லோட சேரலை. முறுக்கு எப்படிக் கடிக்கிறீக?”

கேலி இல்லை, மெய்யான கவலை. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது ஆசாரிமார் கணக்கு. என் பல்லை அதற்கு முன்னால் பலபேர் கிண்டல் செய்திருக்கிறார்கள். அளவு சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான் காரைக்குடியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அடுத்த கட்டடத்தில் அவருடைய சவுண்டு சர்வீஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எல்லாவற்றுக்கும் சீரியல் விளக்கும் குழாய் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுவார். தகப்பனார் பெரிய வீடுகளுக்குக் கதவு செய்த ஆசாரி. மகன் கையிலிருந்து உளி போய் டெஸ்டர் வந்திருந்தது. ஆனால் கண் மட்டும் ஆசாரிக் கண்ணாகவே இருந்துவிட்டது. இரண்டு சாமான்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால் அவருக்கு வயிறு வலிக்கும்.

காபிக் கடையில் டம்ளர் ஒரு கம்பெனி, டபரா ஒரு கம்பெனி என்று வந்தால் குடிக்கமாட்டார். எழுந்துபோய் அங்கே இருக்கிற டம்ளர் டபரா அத்தனையையும் ஜோடி சேர்த்து அடுக்கிவிட்டுத்தான் வருவார். அதற்குள் காபி ஆறிவிடும். முதலாளி வேறு காபி கொடுப்பார். அந்தக் கடைக்கு நான் அவரோடு போனதற்குக் காரணம், ஆறின காபி எனக்கு வந்துவிடும் என்பது.

ஒரு தடவை தன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்தார்.

“பொண்ணு எப்படிண்ணே?”

“நல்ல பொண்ணு தம்பி. வாசக்கதவுதான். மூடுனா கீழ ரெண்டு நூல் சந்து.”

“சம்பந்தம்?”

“இழைப்புளி வாங்கிச் சரிபண்ணிக் குடுத்தேன். பொண்ணோட அப்பாவுக்கு ரொம்ப சந்தோசம். உறுதியாயிருச்சு.”

இப்படிப்பட்டவருக்குத் தொழில் வாய்த்த இடத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் பதினோரு சவுண்டு சர்வீஸ் கடைகள். பதினோரு கடைக்கும் பதினோரு விதமான பிளக். வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். ஒருவர் வயரை இன்னொருவர் கொண்டுபோனாலும் மாட்டமுடியாது, களவு போகாது. ஒருவர் பல்பு ஹோல்டரையே பிளக்காக வைத்திருந்தார். இன்னொருவர் மூன்று முள் வைத்திருந்தார். அதில் நடு முள் சும்மா, ஏமாற்றுவதற்கு.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. கல்யாணம் என்றால் ஒரு கடை விளக்கு பத்தாது. மூன்று கடைக்காரர்கள் வருவார்கள். மூவர் வயரும் ஒன்றோடொன்று சேராது. பல்லால் கடித்து உறையை உரித்து, கம்பியோடு கம்பியை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிடுவார்கள். எவனாவது கால் இடறினால் தீர்ந்தது.

எங்கள் வக்கீல் வீட்டுக் கல்யாணத்தில் தீர்ந்தது. மாப்பிள்ளை அழைப்பு தெருமுனை திரும்பும் நேரத்தில் விளக்கெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. நாகஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டில் வாசித்துக்கொண்டே ஒரு தெரு முன்னதாகவே திரும்பிவிட்டார். மாப்பிள்ளை கார் அவர் பின்னால் போயிற்று. அந்தத் தெருவிலும் அதே மாதிரி வாசல், அதே மாதிரித் தூண். அங்கேயும் ஏதோ விருந்தாளி என்று ஆரத்தி எடுத்து, உட்காரவைத்து, இலை போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு பணியாரம் சாப்பிட்ட பிறகுதான், “பொண்ணு வீட்டுக்காரங்க யாரையும் காணமே” என்று கேட்டாராம்.

அந்த வயரில் கால் இடறியவன் நான்தான். வக்கீல் ஐயா இருந்தவரையில் அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு மறுநாளே பக்கத்துக் கடை அண்ணன் இரண்டு தேக்குக் கட்டைகளோடு வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தண்ணீர் இறங்காதபடி மெழுகில் போட்டுக் காய்ச்சியவை. ஒன்றில் இரண்டு பித்தளை முள், மற்றதில் அதன் உடம்பு போய் உட்கார ஒரு குழி, குழிக்குள் இரண்டு துளை. மேலே சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு மரத் தாழ்ப்பாள். ஒன்றை மற்றதில் சொருகியதும் தாழ்ப்பாள் டொக்கென்று தானாக விழுந்தது.

“இழுங்க.”

இழுத்தேன். வரவில்லை. மேஜையில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். மேஜை வந்தது, பிளக் வரவில்லை.

“இப்பக் கட்டைவிரலால தாழ்ப்பாளைத் தூக்குங்க.”

வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது.

“கதவு மாதிரித்தான் தம்பி. எங்கப்பா போட்ட தாழ்ப்பாள்ல ஒண்ணாச்சும் தானாத் தொறந்துருக்கா?”

அதோடு நிற்கவில்லை. பித்தளைத் தகட்டில் அந்த அளவை வெட்டி எடுத்தார். அதன் ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வந்தால் அது சரியான பிளக். அந்த மாதிரிப் பதினோரு அளவுத்தகடு செய்து, தனக்கு ஒன்று வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மற்றக் கடைகளுக்கு ஆளுக்கு ஒன்று சும்மா கொடுத்துவிட்டு வந்தார். தேவகோட்டைக் கடைக்காரர் மூன்று வருஷமாக இவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். இவர் ஜன்னல் வழியாகத் தகட்டை உள்ளே எறிந்துவிட்டு, “செஞ்சு பாருங்க” என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாராம். அவரும் செய்தார். இரண்டு வருஷத்தில் எங்கள் சீமையில் எந்தக் கடை வயரும் எந்தக் கடை வயரோடும் சேர்ந்தது. எல்லாரும் தாழ்ப்பாள் பிளக் என்றே சொன்னார்கள்.

இங்கேதான் நான் நுழைந்தேன். ஏதோ பத்திரிகையில் பேட்டண்ட் என்று ஒரு சமாசாரத்தைப் படித்திருந்தேன்.

“அண்ணே, இதுக்கு நீங்க பேட்டண்ட் வாங்கணும்.”

“அது எதுக்கு?”

“சர்க்கார் எழுதிக் குடுக்கும். நீங்க சரின்னு சொல்றவுகதான் இதைச் செய்யலாம். மத்தவுக செய்யக்கூடாது.”

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் மேலிருந்த தூசி பறந்தது. “மத்தவுக செய்யாட்டி இதை எதோட தம்பி சேக்கிறது?”

நான் விடவில்லை. “வேற எவனாச்சும் வாங்கிட்டா?” என்றேன். “சரி, உங்க ஆசைக்கு எழுதுங்க” என்றார்.

நாலு பக்கம் டைப் அடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்து இங்கிலீஷ். ஒரு சொத்தை எழுதினால் நான்கு எல்லை சொல்லவேண்டுமா இல்லையா? சொன்னேன். இந்தப் பிளக்குக்குக் கிழக்கே இரண்டு பித்தளை முள், மேற்கே வயர், வடக்கே தாழ்ப்பாள், தெற்கே ஒன்றுமில்லை. தகப்பனார் கதவு செய்த பெருமையையும் ஒரு பத்தி சேர்த்தேன். ஆபீசிலிருந்து இரண்டு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது. கதவு எந்த ஊரில் இருக்கிறது, அதில் மின்சாரம் ஏன் பாய்கிறது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் காகிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் கேட்டபோதெல்லாம், “பரிசீலனைல இருக்குண்ணே” என்றேன். “ஆகட்டும், ஆகட்டும்” என்பார். மூன்று வருஷம் பரிசீலனையில் இருந்தது.

அந்த இடைக்காலத்தில் ஒரு பேக்கலைட் முதலாளி வந்தார். சொந்த ஊர் நெற்குப்பை. மதுரையில் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் சுவிட்சு, ஹோல்டர் செய்கிற கம்பெனி. நெற்றி நிறைய விபூதி, எதற்கெடுத்தாலும் “முருகா” என்பார். தாழ்ப்பாள் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மரத்துல எத்தனை செய்வீக? நான் அச்சுல வாத்துத் தாரேன்” என்றார். அண்ணனுக்கு ஒரே ஆனந்தம். பன்னிரண்டாவது அளவுத்தகட்டை வெட்டிக் கொடுத்து, டீயும் வாங்கிக்கொடுத்து அனுப்பினார். பேக்கலைட் பிளக்குகள் வந்தன. தேக்குப் பிளக்கோடு சேர்ந்தன. எல்லாரும் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மாசி மாதத்தில் பதினோரு கடைக்கும் பதினோரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. தாழ்ப்பாள் பிளக்குக்கு அந்தக் கம்பெனி பேட்டண்ட் வாங்கியிருக்கிறது. கம்பெனி முத்திரை இல்லாத பிளக் அத்தனையையும் பதினைந்து நாளில் உடைத்துப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டு.

குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மலையடிவாரம் முழுக்க ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து விளக்குப் போடுவதாக ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கியிருந்தார்கள். தேக்குப் பிளக்கை உடைத்துவிட்டு அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் மறுபடி வெறுங்கம்பியை முறுக்குவதா? பதினோரு பேரும் எங்கள் ஆபீசில் வந்து நின்றார்கள். தேவகோட்டைக்காரர் உட்பட.

அண்ணன் மட்டும் அமைதியாக இருந்தார். “எதுக்குப் பதர்றீக? நம்ம தம்பி மூணு வருசம் முன்னாடியே எழுதிப்போட்டிருக்கு. பரிசீலனைல இருக்கு. சொல்லுங்க தம்பி.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மேல்பல் அன்றைக்கு இரண்டு நூல் முன்னால் நின்றிருக்கும். வெந்நீர் அடுப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தேவகோட்டைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “குளிச்சது நல்லாருந்துச்சா தம்பி?”

வக்கீல் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் பேட்டண்ட் வழக்குப் புதிதுதான். இரண்டு நாள் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு, எல்லாரையும் மறுபடி வரச்சொல்லி, தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். “இது வழிப்பாதை வழக்கு மாதிரித்தான். ஊரே நடந்துக்கிட்டிருக்கிற பாதையை ஒருத்தன் வந்து வேலி போட்டு எனக்குன்னு எழுதிக்க முடியாது. அவுக மனுப் போட்ட தேதிக்கு முந்தியே இந்தப் பிளக்கு ஊர்ல புழங்குச்சுன்னு காட்டிட்டா அந்தப் பேட்டண்ட் நிக்காது. ஆனா தேதி போட்ட சாமான் ஒண்ணு வேணும். நீங்க பதினோரு பேரும் சாட்சி சொன்னா, பதினோரு பேரும் கூடிப் பேசி வந்திருக்காகன்னு சொல்லிருவாக. பில்லு இருக்கா?”

சும்மா கொடுத்ததற்கு ஏது பில்? தேக்குக் கட்டையில் ஏது தேதி?

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் பக்கமே திரும்பவில்லை. நோட்டீசோடு வந்திருந்த பேட்டண்ட் நகலை எடுத்து, அதிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அளவுகள் போட்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து அளவுத்தகட்டை எடுத்தார். முகம் சுருங்கிற்று.

“இது தப்பு.”

“தப்புத்தான். அதுக்குத்தான இவ்வளவு பேரும் வந்திருக்கோம்” என்றார் தேவகோட்டைக்காரர்.

“அது இல்லைய்யா. தடிமன் அரை நூல் கூடுதலாப் போட்டிருக்காக. கடைக்கு வந்த சாமான் எல்லாம் சரியாத்தான இருந்துச்சு? இந்த அளவுல எந்தக் கடைக்கும் வரலையே.” கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றைத் தடவிக்கொண்டார். “இந்த அரை நூலு எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன். குன்றக்குடியில. கோயில் சீரியல் பெட்டில மாட்டப் போனேன், சேரமாட்டேன்னுச்சு. விலாவுல எழுத்து மேடா நின்னுச்சு. அரம் கொண்டாந்து ராவிவிடவான்னேன். சாமான் அறைக்காரர் விடலை. உபயம், எழுத்தை அழிச்சா பாவம்னாரு.”

வக்கீல் ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

“எழுத்துல என்ன போட்டிருந்துச்சு?” என்று கேட்டார் வக்கீல்.

“அதை யாரு படிச்சா? எத்தனை நூலு மேடுன்னுதான பாத்தேன்.”

அவரும் நானும் அந்த வெயிலிலேயே சைக்கிளில் குன்றக்குடி போனோம். நான்தான் மிதித்தேன், தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். சாமான் அறைக்காரர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பேக்கலைட் தாழ்ப்பாள் பிளக்குகள், வாழைப்பூ நிறத்தில், வரிசையாக. எதோடும் சேராததால் ஒருநாளும் உபயோகப்படாமல் புத்தம் புதிதாக இருந்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் புடைத்துக்கொண்டு நின்றது: ‘உபயம்’, முதலாளியின் பெயர், நெற்குப்பை, கீலக வருஷம் தை மாதம்.

பேட்டண்ட் நகலில் மனுத் தேதி இங்கிலீஷ் மாதத்தில் இருந்தது. நான் விரலை விட்டு எண்ணி இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். சாமான் அறைக்காரர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, “அடுத்து வந்த ஆடி மாசம்பா அது” என்றார். தையில் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து ஆடியில் ஆபீசுக்கு எழுதியிருக்கிறார். படம் வரைந்தவர் இந்த உபயப் பிளக்கைத்தான் எழுத்து மேட்டோடு சேர்த்து அளந்திருக்க வேண்டும்.

ஒரு பிளக்குக்கு மட்டும் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். “சாமி சாமான். பத்திரமாத் திரும்பணும்” என்றார் அவர்.

வக்கீல் ஐயா முதலாளிக்குச் சொல்லியனுப்பினார், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று. அவரும் வந்தார். கூடவே மதுரை வக்கீல் ஒருவர், கையில் தோல் பெட்டி. எங்கள் வக்கீல் வாதம் எதுவும் செய்யவில்லை. பித்தளைத் தட்டில் கொஞ்சம் விபூதி, அதன்மேல் அந்தப் பிளக். “குன்றக்குடிலேருந்து வந்துச்சு” என்று மட்டும் சொல்லி மேஜையில் வைத்தார்.

முதலாளி சட்டென்று எழுந்தார். “முருகா” என்று பிளக்கை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நம்ம உபயம்! அச்சுல மொத வாத்தது அத்தனையும் சாமிக்குத்தான் குடுத்தேன். வியாபாரத்துக்கு அப்புறந்தான் எடுத்தது.”

மதுரை வக்கீல் அவருடைய ஜிப்பாவைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு இது என்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது?

“மொத வாப்பு எப்பக் குடுத்தீக?” என்றார் எங்கள் வக்கீல், ஊர் நிலவரம் விசாரிக்கிற குரலில்.

“அதான் போட்டிருக்கே, கீலக வருசம் தை...” என்று படித்துக்கொண்டே வந்தவர் தை மாதத்தோடு நின்றார்.

“சாமிக்குக் குடுக்கிறதுக்கு முந்தி ஆபீசுக்கு எழுதியிருந்தீகன்னா நாங்க சிக்கியிருப்போம்.”

முதலாளி உட்கார்ந்தார். “சாமிக்குக் குடுக்காம எப்படிய்யா எழுதுறது?” என்றார். ஏமாற்றுக்காரர் குரலாக அது இல்லை. பிறகு, “வடக்கேருந்து எவனாச்சும் எழுதிக்கிட்டா மோசம் போயிருவோம்னு சொன்னாக. எழுதிட்டேன். எழுதுனதும் எனக்குத்தான்னு தோணிப்போச்சு” என்றார்.

நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொள்வது, பேட்டண்டை விட்டுவிடுவது, யார் வேண்டுமானாலும் அளவுத்தகட்டுப்படி செய்துகொள்வது என்று நான் டைப் அடித்தேன். நான்கு எல்லை போடவில்லை. எதிர்த்தரப்பிலிருந்து வேறு ஏதாவது வேண்டுமா என்று வக்கீல் ஐயா அண்ணனைக் கேட்டார். மற்றப் பத்துக் கடைக்காரர்களும் ஆவலாக அவர் முகத்தைப் பார்த்தார்கள். பெருந்தொகை கேட்பார் என்று நினைத்திருப்பார்கள், நானும்தான்.

“ஒண்ணே ஒண்ணு” என்றார். பிளக்கை முதலாளி கையிலிருந்து வாங்கி அளவுத்தகட்டில் வைத்துக் காட்டினார். மாட்டிக்கொண்டு நின்றது. “பாத்தீகளா? இம்புட்டு வருசமா அந்தப் பெட்டி சும்மா கெடக்கு. சாமிக்குக் குடுத்த சாமான் எதோடயும் சேரலைன்னா எப்படி? எழுத்தை மேடா வைக்காதீக. பள்ளமா வெட்டி வேற செஞ்சு குடுங்க. உத்திரத்துக்கு முந்தி.”

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு நாளில் செய்து கொடுத்தார். அந்தப் பங்குனி உத்திரத்தில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை தேக்குப் பிளக்கும் பேக்கலைட் பிளக்கும் கலந்து மாட்டி விளக்கு எரிந்தது. நான் வயரில் இரண்டு முறை கால் இடறினேன். ஒன்றும் ஆகவில்லை. விழுந்தது நான் மட்டும்தான்.

பிற்பாடு ஒருநாள் காபிக் கடையில், டபராக்களை அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “அண்ணே, உங்க பேரையாவது அந்தப் பிளக்குல போட்டிருக்கலாம்ல?”

“பேரை மேடா வச்சா சேராது தம்பி.”

“அவருக்குச் சொன்ன மாதிரி பள்ளமா?”

“பள்ளத்துல அழுக்கு அடையும்.”

அவர் காபி ஆறிப்போயிருந்தது. என் பக்கம் தள்ளினார்.

இதை எழுதத் தொடங்கும்போது அவர் பெயரை முதல் வரியிலேயே போட்டேன். படித்துப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் அரை நூல் மேடாகத் தெரிந்தது. அடித்துவிட்டேன்.